மண்சுருளும் கணிப்பொறியும்

சிம்மக்கல்லில் வாழும் எங்களுக்குக் கீழடி பக்கத்து ஊர். மதுரைக்குத் தென்கிழக்கே சுமார் 12 கி.மீ. தொலைவிலுள்ள அவ்வூரின் அகழாய்வில் உறைகிணறுகள் வெளிப்பட்டன. சுட்ட மண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அமைத்தவை அவை. அடுக்கி உயர்த்துவது மண்தொழிலின் மிகப் பழைய உத்தி. குயவர் சக்கரம் தோன்றுவதற்கு முன்பே, மனிதன் களிமண்ணைக் கயிறாகத் திரித்து, சுருள் சுருளாக வைத்துப் பானை செய்தான். அந்தச் சுருளை இன்று கணிப்பொறி இயக்கும் குழாய்முனை வைக்கிறது.

இது எப்படி நேர்ந்தது? உருக்கிய பிளாஸ்டிக் இழையை அடுக்கடுக்காகப் படியவைத்துப் பொருள் செய்யும் முறைக்கு, அமெரிக்கப் பொறியாளர் ஸ்காட் கிரம்ப் 1989இல் காப்புரிமை கோரினார், 1992இல் பெற்றார். 2005இல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏட்ரியன் போயர், எவரும் தாமே கட்டிக்கொள்ளக்கூடிய எளிய அச்சுப்பொறித் திட்டத்தைத் தொடங்கினார். 2009இல் பழைய காப்புரிமையும் காலாவதியாயிற்று. அதே ஆண்டில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரிலுள்ள 'அன்ஃபோல்டு' என்னும் வடிவமைப்புக் கூடத்தார், பிளாஸ்டிக்குக்குப் பதிலாகக் களிமண்ணைப் பிதுக்கிப் பார்த்தனர்.

தென்னாப்பிரிக்காவில் பிறந்து இங்கிலாந்தில் வாழும் ஜோனதன் கீப் என்ற மண்கலைஞர் இம்முறையை வளர்த்தவர்களுள் முக்கியமானவர். அவர் தமக்கென ஒரு பொறியை உருவாக்கியதோடு நிற்கவில்லை. அதன் அமைப்பை யாவரும் பயன்படுத்துமாறு வெளியிட்டார். 2020இல் களிமண் அச்சுமுறைக்கு ஒரு கையேடு எழுதி, அதையும் இலவசமாகவே வழங்கினார்.

குயவர் ஒருவர் இதற்கு ஏன் தேவைப்பட்டார்? விடை இயற்பியலில் இருக்கிறது. தண்ணீர் சிறு விசைக்கும் ஓடும். ஈரக் களிமண் அப்படியன்று. விசை ஒரு வரம்பைத் தாண்டும்வரை திடப்பொருள்போல் நிற்கும். தாண்டியதும் பாகாக ஓடும். பற்பசையும் இவ்வினமே. இவற்றின் இயல்பை 1916இல் அமெரிக்க வேதியியலறிஞர் யூஜின் பிங்ஹாம் ஆராய்ந்து விளக்கினார்.

ஒரு கணக்குப் போடுவோம். ஈரக் களிமண்ணின் அடர்த்தி தண்ணீரைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. 20 செ.மீ. உயரச் சுவர் தன் அடிச்சுருளின்மீது சதுர மீட்டருக்குச் சுமார் 4,000 நியூட்டன் அழுத்தம் தரும். மண் இளகியிருந்தால் அடி பிதுங்கிச் சுவர் சரியும். இறுகியிருந்தால் குழாய்முனையில் அடைத்துக்கொள்ளும். காயும்போதும் சுடும்போதும் சுருங்குவதையும் முன்பே கணக்கிட வேண்டும்.

இதை நீங்களே சோதிக்கலாம். பழைய சிரிஞ்சு ஒன்றின் முனையை அகலமாக நறுக்கி, அதில் குழைத்த மண்ணை அடைத்துச் சுருள் வையுங்கள். நான் முதலில் குழைத்த மண் நான்காம் சுற்றிலேயே அமுங்கிவிட்டது. தண்ணீரைக் குறைத்தேன், என் பெருவிரல்தான் வலித்தது!

மதுரையை அடுத்த விளாச்சேரியில் கொலு பொம்மை செய்வோர், மண்ணைத் தொட்ட மாத்திரத்தில் அதன் பதத்தை அறிவர். பொறிக்கு அந்தத் தொடுவுணர்வு இல்லை. வடிவத்தைக் கணிப்பொறி தரலாம். பதத்தைச் சொல்ல மண்ணறிந்த கை வேண்டும். ஆகவே இக்கருவி இங்கு வரும்போது, அந்தக் கைகளை விலக்கிவிட்டு வந்தால் அடியிலேயே சரியும். கீப் செய்தது போல், கற்றதை மறைக்காமல் பிறருக்குக் கொடுத்தால் கருவியும் வளரும், கைவினையும் நிலைக்கும்.