தலைக்கா, தாளிக்கவா? – தேங்காயெண்ணெயின் வரவு செலவு

கேரளத்துக்கு மாற்றலாகி வரும் தமிழ்க் குடும்பங்களில் மூன்றாவது மாதம் ஒரு பேச்சு கட்டாயம் கிளம்பும். "இந்த ஊர்த் தண்ணி ஒத்துக்கலைங்க, முடியெல்லாம் கொட்டுது." களமசேரியில் எங்களுக்குப் பழக்கமான வீடுகள் எல்லாவற்றிலும் இதைக் கேட்டாயிற்று. அடுத்த வாரமே பக்கத்து வீட்டு மலையாளிச் சேச்சியின் இடுப்பு வரை தொங்கும் கூந்தலைப் பார்த்துவிட்டு, "எல்லாம் தேங்காயெண்ணெய் மகிமை" என்று தீர்ப்பும் வந்துவிடும். பிறகென்ன, செம்பருத்தி, கறிவேப்பிலை, கீழாநெல்லி போட்டுக் காய்ச்சிய எண்ணெய் பாட்டில் பாட்டிலாக வீட்டுக்குள் வர ஆரம்பிக்கும்.

என் மகளுக்குப் பிறவியிலேயே மெல்லிய முடி. பட்டு நூல் மாதிரி இருக்கும், சீப்பு பட்டால் அறுந்து வரும். விருதுநகரிலிருந்து அம்மா போன் செய்தால், பேத்தியின் படிப்பைக் கேட்பதற்கு முன்னால் "எலிவால் சடை கொஞ்சமாவது தடிச்சிருக்கா?" என்றுதான் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடப்போய், ஒரு பி.காம்.காரன் புத்திக்கு எட்டிய வரை எண்ணெயின் வரலாற்றைப் படித்ததில் கிடைத்ததுதான் இந்தப் பதிவு.

முதலில் நம் பக்கத்துக் கதை. தமிழில் 'எண்ணெய்' என்ற சொல்லே எள் + நெய் என்பதிலிருந்து வந்தது. அதாவது நமக்கு ஆதியில் எண்ணெய் என்றாலே நல்லெண்ணெய்தான். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலும் அதில்தான். மலையாளிகளோ தேங்காயெண்ணெயை 'வெளிச்செண்ண' என்கிறார்கள். பெயரிலேயே விளக்கு வெளிச்சம் தெரிகிறது. ஒரே சொல்லைப் பங்கு போட்டுக்கொண்டு, மலைக்கு இந்தப் பக்கம் எள்ளும் அந்தப் பக்கம் தேங்காயுமாகப் பிரிந்துவிட்டோம்.

கூந்தல் பராமரிப்புக்கு நம்மிடம் பழைய சான்று வேண்டுமென்றால் சிலப்பதிகாரத்தில் கடலாடு காதையைப் பாருங்கள். மாதவியின் கூந்தலுக்கு நெய் பூசிக் குளிப்பாட்டும் இடத்தில் பத்து வகைத் துவர், ஐந்து வகை விரை, முப்பத்திரண்டு வகை ஓமாலிகை ஊறிய தண்ணீர் பேசப்படுகிறது. கூட்டினால் 47 சரக்கு! இன்றைக்கு '18 மூலிகைகள்' என்று பாட்டிலில் அச்சடித்து விற்பவர்கள் இளங்கோவடிகளுக்குப் பாதி கூட வரவில்லை. :)

சரி, அத்தனை சரக்கு போட்டும் தடிக்காத முடியை என்ன செய்தார்கள்? சவுரி வைத்தார்கள். சீப்பில் வந்த முடியைச் சுருட்டிச் சுவர் இடுக்கில் செருகி வைப்பதும், முடி வாங்க வருபவரிடம் கொடுத்து ஊசியும் பாசிமணியும் வாங்குவதும் எங்கள் தெருவில் நானே பார்த்தது. கல்யாண வீட்டில் முழங்கால் வரை தொங்கிய சடைகளில் பாதி, இப்படிச் சேர்ந்த முடியில் செய்த சவுரிதான். மெல்லிய முடியைத் தடிமனாகக் காட்ட நம் பெண்கள் நம்பியது எண்ணெயை அல்ல, ஒட்டு முடியை. இந்த விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இப்போது கொச்சிக்கு வருவோம். எங்கள் ஊர்க்காரர்களுக்கு எப்படி 'விருதுநகர் மார்க்கெட் நிலவரமோ', அப்படித் தேங்காயெண்ணெய்க்குக் 'கொச்சி விலை'. மட்டாஞ்சேரி பஜார் சாலையில் மிளகு, சுக்கு, அரிசி மண்டிகளுக்கு நடுவே குஜராத்திகள், கொங்கணிகள், தமிழர்கள் எல்லோரும் தலைமுறை தலைமுறையாகக் கடை போட்டிருக்கிறார்கள். கொப்பரையும் எண்ணெயும் இங்கிருந்து கப்பல் ஏறியபோது, வெளிநாட்டில் அதற்காகக் காத்திருந்தவை கூந்தல்கள் அல்ல. சோப்பு, மெழுகுவர்த்தி, செயற்கை வெண்ணெய் செய்யும் ஆலைகள்தான். அந்த லாபம் உள்நாட்டிலேயே நிற்கட்டும் என்று டாட்டா குழுமம் 1917-இல் டாட்டா எண்ணெய் ஆலை நிறுவனத்தைத் தொடங்கியது. எர்ணாகுளத்தில் ஆலை அமைந்த இடத்துக்கு டாட்டாபுரம் என்றே பெயர் வந்தது. ஆக, தேங்காயெண்ணெயைப் பெருவணிகம் ஆக்கியது சோப்புதான். தலைமுடி பிறகு வந்து ஒட்டிக்கொண்ட வாடிக்கையாளர்.

அந்த வாடிக்கையாளரைக் கச்சிதமாகப் பிடித்தது பம்பாய். கட்ச் பகுதியிலிருந்து போன மாரிவாலா குடும்பம் மிளகும் கொப்பரையும் வியாபாரம் செய்து, 1948-இல் பாம்பே ஆயில் இண்டஸ்ட்ரீஸ் என்ற ஆலையைத் தொடங்கியது. அதன் பாராசூட் எண்ணெய் பல காலம் பெரிய டின்களில்தான் போனது. கடைக்காரர் அளந்து ஊற்றுவார். ஹர்ஷ் மாரிவாலா பொறுப்புக்கு வந்து சின்ன பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மாற நினைத்தபோது, கடைக்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. முன்பு யாரோ சதுர பிளாஸ்டிக் பாட்டிலில் விற்று, எலி கடித்து எண்ணெய் ஒழுகிய அனுபவம் அவர்களுக்கு. எலிப் பல்லுக்குப் பிடி கிடைக்காதபடி உருண்டை பாட்டில் செய்து, எலிகளோடு கூண்டுக்குள் வைத்துச் சோதித்துக் காட்டி அவர்களைச் சம்மதிக்க வைத்ததாக மாரிவாலாவே சொல்லியிருக்கிறார். 1990-இல் மாரிகோ தனி நிறுவனமானது. நீல பாட்டில் வீட்டுக்கு வீடு போயிற்று. எலிவால் சடையைத் தடிக்க வைத்ததோ இல்லையோ, எலியை ஜெயித்துவிட்டது!

இதில் வேடிக்கை என்னவென்றால், நாடு முழுக்கத் தலையில் தடவிக்கொள்ளும் அந்த எண்ணெய், லேபிளில் சமையல் எண்ணெய். காரணம் வரி. வங்கியில் இருப்பதால் இந்த இடத்தில் எனக்கு ஆர்வம் கூடிவிட்டது.

மத்திய கலால் பட்டியலில் தேங்காயெண்ணெய்க்கு 1513 என்ற தலைப்பு, கூந்தல் பொருள்களுக்கு 3305 என்ற தலைப்பு. முதலாவதில் வரி குறைவு, இரண்டாவதில் அதிகம். 50 மில்லி, 100 மில்லி பாட்டிலை வைத்து யார் சமைப்பார்கள் என்பது அதிகாரிகளின் கேள்வி. 200 மில்லி வரையுள்ள பாட்டில்களைக் கூந்தல் எண்ணெயாகக் கொள்ள வேண்டும் என்று 2009-இல் ஒரு சுற்றறிக்கையே வந்தது. 2015-இல் அது வாபஸ் ஆனது. அதற்குள் சேலம் கலால் ஆணையருக்கும் மதன் அக்ரோ இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கு உச்ச நீதிமன்றம் போய்விட்டது. 2018-இல் இரு நீதிபதிகள் அமர்வில் ரஞ்சன் கோகோய் 'சமையல் எண்ணெய்' என்றார். நம்மூர் ஆர். பானுமதி 'கூந்தல் எண்ணெய்' என்றார். முடிவில்லாமல் மூன்று நீதிபதிகள் முன் போய், 2024 டிசம்பர் 18-இல் தீர்ப்பு வந்தது. சின்ன பாட்டில் என்பதாலேயே கூந்தல் எண்ணெய் ஆகிவிடாது. சமையலுக்கும் சிறிய அளவில் வாங்குபவர்கள் உண்டு. லேபிளில் கூந்தலுக்கு என்று போட்டு விற்றால்தான் அது கூந்தல் எண்ணெய்.

ஜி.எஸ்.டி. வந்த பிறகும் இந்த வித்தியாசம் நீடித்தது. சமையல் எண்ணெய்க்கு 5 சதவீதம், கூந்தல் எண்ணெய்க்கு 18 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல்தான் கூந்தல் எண்ணெயும் 5 சதவீதத்துக்கு இறங்கியது. பல வருடங்களாக 'கூந்தலுக்கு' என்ற ஒரு சொல்லுக்காக மட்டும் நூற்றுக்குப் பதின்மூன்று ரூபாய் கூடுதல் வரி இருந்திருக்கிறது. அது அரசு போட்ட விலை. அந்தச் சொல்லுக்குக் கம்பெனிகள் போடும் விலைக்கு உச்சவரம்பே கிடையாது.

இப்போது முக்கியமான கேள்வி. அந்த எண்ணெய் உண்மையில் என்ன செய்கிறது?

2003-இல் ரெலே, மொஹிலே என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு ஒன்று இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது. இருவரும் மாரிகோவின் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் முடியில் தடவி ஒப்பிட்டார்கள். முடியிலிருந்து புரதம் கழன்று போவதைக் குறைத்தது தேங்காயெண்ணெய் மட்டும்தான். அதில் கிட்டத்தட்டப் பாதி லாரிக் அமிலம். அதன் மூலக்கூறு சிறியது, நேரானது, அதனால் முடிக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. குளிக்கும்போது முடி தண்ணீரைக் குடித்து ஊதிப் பின் சுருங்குவதால் வரும் சேதமும் குறைகிறது.

கவனியுங்கள், 'குறைகிறது' என்றுதான் வருகிறதே தவிர 'வளர்கிறது' என்று எங்கும் வரவில்லை. தலைக்கு வெளியே வந்த முடி உயிரற்ற நார். வளர்வது தோலுக்கு அடியிலிருக்கும் வேரில். வங்கிக் கணக்காகச் சொன்னால், எண்ணெய் உங்கள் கணக்கில் ஒரு பைசா வரவு வைக்காது. பற்றைக் குறைக்கும். பற்று குறைந்தால் இருப்பு கூடும் அல்லவா, பக்கத்து வீட்டுக் கூந்தலின் ரகசியத்தில் ஒரு பங்கு அதுதான். மீதிப் பங்கு பரம்பரைச் சொத்து. அதை பாட்டிலில் வாங்க முடியாது.

மெல்லிய முடிக்கு இந்தப் பற்றுக் கணக்கு இன்னும் முக்கியம். முடியின் விட்டம் பாதியானால் குறுக்குப் பரப்பு கால் பங்காகிவிடும். அதே இழுப்பைத் தாங்கக் கால் பங்கு பலம்தான் இருக்கும்.

இதை நம்மைவிட அதிகம் அனுபவித்தவர்கள் ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்கள். அவர்களுடைய முடி நெருக்கமாகச் சுருண்டது. தலைத்தோலின் இயற்கை எண்ணெய் அந்த வளைவுகளில் இறங்கி நுனி வரை போகாது. ஒவ்வொரு வளைவும் உடையக்கூடிய இடம். அடர்த்தியாகத் தெரிந்தாலும் மிகவும் மென்மையான முடி அது. இந்த மக்கள் மட்டாஞ்சேரிக்கு அந்நியர்களும் அல்ல. 1500-இல் வந்த போர்ச்சுக்கீசியர்கள் ஆப்பிரிக்கர்களை அடிமைகளாக இங்கே கொண்டு வந்தார்கள். 1663-இல் டச்சுக்காரர்களிடம் தோற்று ஓடும்போது, புதைத்த செல்வத்துக்குக் காவலாக அவர்களைக் கொன்று புதைத்தார்கள் என்பது ஊர்க் கதை. மங்காட்டுமுக்கில் 'காப்பிரி முத்தப்பன்' என்று இன்றும் விளக்கேற்றிச் சுருட்டு படைக்கிறார்கள்.

கடல் தாண்டி அமெரிக்காவுக்குக் கொண்டு போகப்பட்டவர்களின் வம்சத்தில் 1867-இல் பிறந்தவர் சாரா பிரீட்லவ். பெற்றோர் அடிமைகளாக இருந்தவர்கள். இவர் துணி வெளுத்துப் பிழைத்தார். தலைத்தோல் நோயால் முடி கொட்டிப்போனது. குழாய்த் தண்ணீர் இல்லாத வீடு, எப்போதாவது ஒரு தலைக்குளியல், காரமான சோப்பு என்பதுதான் அன்றைய ஏழைகளின் நிலை. முதலில் ஆனி மலோன் என்ற கருப்பினப் பெண்மணி தயாரித்த பொருளை விற்றார். பிறகு மேடம் சி.ஜே. வாக்கர் என்ற பெயரில் 'அற்புதக் கூந்தல் வளர்ப்பான்' என்ற களிம்பைத் தானே தயாரித்தார். 1919-இல் இறக்கும்போது அமெரிக்காவின் பெரும் பணக்காரக் கருப்பினப் பெண்களில் ஒருவர். களிம்பில் இருந்தது முக்கியமாகக் கந்தகமும் பெட்ரோலியம் ஜெல்லியும். ஆனால் அவர் தன் முகவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது, தலையை அடிக்கடி கழுவு, தோலைச் சுத்தமாக வை என்ற முறையை. பொடுகும் புண்ணும் ஆறியதும் முடி வந்தது. பெயர் 'வளர்ப்பான்', வேலை பராமரிப்பு. நம் கதையேதான்!

சவுரியை மனதில் வைக்கச் சொன்னேன் அல்லவா? அமெரிக்க நடிகர் கிறிஸ் ராக் 2009-இல் 'குட் ஹேர்' என்று ஒரு ஆவணப்படம் எடுத்தார். கருப்பினப் பெண்கள் வைத்துக்கொள்ளும் ஒட்டு முடி எங்கிருந்து வருகிறது என்று தேடி அவர் வந்து சேர்ந்த இடம், திருப்பதி மொட்டை. நம் தெருவில் ஊசிக்கும் பாசிக்கும் போன முடி, உலகச் சந்தையில் டாலருக்குப் போகிறது.

ஒட்டு முடி என்பதால் ஒரு எச்சரிக்கை. இறுக்கிப் பின்னினாலும் பாரம் தொங்கவிட்டாலும் நெற்றியோரத்து முடி வேரோடு போகும் என்பதைக் கருப்பினப் பெண்கள் அனுபவத்தில் அறிந்திருக்கிறார்கள். பள்ளிக்கு இழுத்துக் கட்டும் நம் ரெட்டைச் சடைக்கும் இது பொருந்தும். மலையாளிப் பெண்கள் குளித்தபின் இரு பக்கமும் சில இழை மட்டும் எடுத்துத் தளர்வாகப் பின்னி, மீதியைக் காயவிடுகிறார்களே, 'குளிப்பின்னல்', அதில் வேருக்கு இழுப்பே இல்லை. சேச்சியிடம் எண்ணெய்க்கு முன்னால் கடன் வாங்க வேண்டியது அதைத்தான் என்று வீட்டில் சொன்னேன். இப்போது மகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் அதுதான். தலைக்குக் குளிக்கும் முன் சமையலறை எண்ணெயிலிருந்தே இரண்டு ஸ்பூன், அகலப் பல் சீப்பு, ஈரத்தில் சிக்கெடுப்பது இல்லை.

கடைசியாக அந்த 'மூன்றாவது மாதம்'. தினமும் 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. காய்ச்சல், பிரசவம், பெரிய மன உளைச்சல் ஏதாவது வந்தால் இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்தாக உதிரும், பெரும்பாலும் தானே திரும்ப வளரும். வீடு காலி செய்து, பள்ளி மாற்றி, மொழி தெரியாத ஊருக்கு வந்த ஒரு பெண்ணுக்கு மூன்றாம் மாதம் முடி கொட்டினால், பெரியாற்றுத் தண்ணீரைக் குற்றம் சொல்லும் முன் அவர் பட்ட பாட்டையும் கணக்கில் எடுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால் இரும்புச்சத்தும் தைராய்டும் சோதித்துப் பார்த்துத் தோல் மருத்துவரிடம் போவது நல்லது. ரத்த அழுத்த மாத்திரையாக இருந்து, 1988-இல் அமெரிக்காவில் முடி வளர்ச்சிக்கு அனுமதி பெற்ற மினாக்ஸிடில் போன்ற மருந்துகளும் இருக்கின்றன. அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், வாட்ஸ்அப் அல்ல.

2025-இல் இங்கே தேங்காயெண்ணெய் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டியபோது, தலைக்கா தாளிக்கவா என்ற கேள்வி நிறைய வீடுகளில் நிஜமாகவே வந்தது. எங்கள் வீட்டில் அவியலுக்கும் தலைக்கும் ஒரே பாட்டில்தான். உங்கள் வீட்டில் எப்படி? பாட்டி காலத்துப் பக்குவம் ஏதாவது இருந்தால் பின்னூட்டத்தில் எழுதுங்கள். 47 சரக்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்!