செக்ரோலில் இருந்த பெயர்கள்

சயாமுக்குக் கிளம்பும்போது பாட்டி கேட்டது ஒன்றுதான்: "அங்க எங்கப்பா பேரு எழுதியிருக்கானுங்களான்னு பாருய்யா."

ஏப்ரல் 25 அன்று காஞ்சனபுரி போர்க் கல்லறைத் தோட்டத்தில் அன்சாக் நாள் அஞ்சலி நடக்கும். விடியலில் ஹெல்ஃபயர் பாஸில் ஒரு நிகழ்வு, அது முடிந்து இங்கே மலர் வளையம். எக்காளம் ஒலித்து மௌனம் விழுந்தது. பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி ஒரு கல்லறையின் வெண்கலத் தகட்டைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்குத் துடைக்க எதுவும் இல்லை. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அங்கே கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள். அவற்றில் 1,896 டச்சுக்காரர்களுடையவை. 1943-இல் காலரா கண்டு எரிக்கப்பட்ட சுமார் 300 கைதிகளின் சாம்பல் இரண்டே குழிகளில் இருக்கிறது. ஆனால் அவர்களின் பெயர்கள் மண்டபச் சுவரில் தனித்தனியாக இருக்கின்றன. உடல் கலந்துபோனாலும் பெயர் கலக்கவில்லை.

இது எப்படி முடிந்தது என்பதுதான் என்னைக் குடைந்தது. போர்க் கைதிகள் படைப்பிரிவாகவே பிடிபட்டவர்கள். அதிகாரிகளும் மருத்துவர்களும் கூடவே இருந்தார்கள். இறந்தவர்களின் பட்டியலை ஒளித்து வைத்துக் காப்பாற்றினார்கள். 1945 செப்டம்பரில், போர் முடிந்த சூட்டோடு, ஒரு சிறு குழு பாதை நெடுகப் போய் 144 இடுகாடுகளில் 10,000க்கும் மேற்பட்ட கல்லறைகளை அடையாளம் கண்டது. கையில் பட்டியல் இருந்ததால்தான் தேட முடிந்தது.

415 கிலோமீட்டர் பாதை அது. கைதிகள் சுமார் 60,000 பேர், அவர்களில் செத்தவர்கள் 12,000க்கும் மேல். ஆசியத் தொழிலாளர்கள் ஏறக்குறைய இரண்டு லட்சம். அவர்களில் எத்தனை பேர் செத்தார்கள் என்பதற்கு மதிப்பீடுதான் உண்டு, 90,000 வரை சொல்கிறார்கள். மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கும் அதிகமானோர் போனார்கள், பெரும்பாலும் தோட்டத்துத் தமிழர்கள். தம்பின் – மலாக்கா பாதையில் பிடுங்கிய தண்டவாளமும் இங்கேதான் வந்தது. இரும்புக்குக்கூட எந்த ஊர் என்று தெரிகிறது.

நம் ஆட்கள் எழுத்தறியாதவர்கள், அதனால் பதிவு இல்லை என்று சொல்வார்கள். நான் அதை ஏற்கமாட்டேன். மலாயாத் தோட்டத்தில் தினமும் காலையில் பெரட்டு உண்டு. கிராணி பெயர் கூப்பிட்டு செக்ரோலில் குறிப்பார். அரைநாள் வேலையென்றால் அரைநாள் சம்பளம், அவ்வளவு துல்லியம். சம்பளத்தைக் கணக்கிட வேண்டியிருந்தவரை அத்தனை பெயரும் எழுத்தில் இருந்தன. லாரி ஏறியபின் அந்தப் பெயர்களைக் கேட்டு வாங்க ஒரு அரசாங்கமும் மெனக்கெடவில்லை. ஜப்பானியர்கள் மட்டுமல்ல, போருக்குப் பின் திரும்பிவந்த வெள்ளைக்காரத் துரைமார்களும்தான்.

இன்னொரு வேடிக்கை. பாலத்துக்கு அருகே ஜப்பானிய ராணுவமே 1944-இல் கட்டிய ஒரு நினைவுத்தூண் நிற்கிறது. அதில் தமிழ் எழுத்தும் உண்டு. வேலை வாங்கிக் கொன்றவர்கள் தமிழில் அஞ்சலி செலுத்தியிருக்கிறார்கள்! பெயர் மட்டும் ஒன்றுகூட இல்லை.

1990-இல் காஞ்சனபுரியில் ஒரு கரும்புக்காட்டைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் வந்தன. யார் யாரென்று சொல்ல எவரிடமும் பட்டியல் இல்லை.

பாட்டியின் அப்பா எந்த முகாமில், எந்த மாதம் போனார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. திதி தெரியாததால் ஆடி அமாவாசையில்தான் படையல். ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை.

கூட்டம் கலைந்ததும் வெளியே வந்து பாட்டிக்குப் போன் போட்டேன்.

"இருந்துச்சாய்யா?"

"இல்ல பாட்டி."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "அவரோட சேந்து எங்க லயத்துலேர்ந்து இன்னும் நாலு பேரு போனாங்க, எழுதிக்க," என்றார். ரோட்டோரம் உட்கார்ந்து, மலர் வளையம் வைப்பவர்களுக்குக் கொடுத்த நிகழ்ச்சித் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். நாலாவது பெயர் பாட்டிக்கு உடனே ஞாபகம் வரவில்லை.