சூழற்காப்புப் பொறியியல் தொழில்கள் (இராமநாதபுரம் கடற்கரை)

இயற்கையை அழிவினின்றும் காக்கும் பொருட்டுப் பொறியியலின் பல கிளைகளிலும் அமைந்த தொழில்களின் பொதுப்பெயர்.

கடற்பொறியியல். பவளப்பாறைகளை வெட்டியெடுத்ததாலும் அலையரிப்பாலும் நலிந்த மன்னார் வளைகுடாத் தீவுகள், 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பின்னரும் தேய்ந்துவந்தமையால், தூத்துக்குடியை அடுத்த வான் தீவில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகப் பொறியாளர்களின் துணையோடு செயற்கைப் பாறைகள் இறக்கப்பட்டன. அடி அகன்று முடி குறுகிய இச்சரிவகக் காங்கிரீட் கூடுகள், பக்கத் துளைகளின் வழியே நீரை ஊடுருவவிட்டு அலையின் வேகத்தைத் தணித்து மணலைப் படியச் செய்வதுடன், மீன்களுக்குப் புகலிடமும் பவளங்களுக்குப் பற்றுக்கோடும் ஆகின்றன.

மின், இயந்திரப் பொறியியல். 2016-இல் இயங்கத் தொடங்கிய கமுதிச் சூரிய மின்நிலையம் 648 மெகாவாட் திறனுடையது. வறட்சிக்குப் பேர்போன அப்பிரதேசத்தில் நீரை விரயமாக்காது, தகடுகளின் மேற்படியும் புழுதியைத் தானியங்கித் துடைப்பான்கள் அகற்றுகின்றன.

வேதிப் பொறியியல். நரிப்பையூரில் அமைந்தது போன்ற எதிர்ச்சவ்வூடுபரவல் நிலையங்களில், உவர்நீரைக் குடிநீராக்குவதனினும் எஞ்சும் செறிந்த உப்புநீரைக் கடலுயிர்களுக்கு ஊறின்றி வெளியேற்றுவதே கடினமான காரியம்.

கல்வி. இத்தொழில்களுக்குப் பொறியியற் பட்டம் அடிப்படையெனினும், உயிரியலாருடனும் மீனவருடனும் கலந்து பணிபுரியும் மனப்பக்குவமும் அத்தியாவசியமாகும்.