நூறு கெஜமும் ஊர் நடுப் பள்ளியும்

கல்வி நிலையத்தைச் சுற்றி நூறு கெஜத்துக்குள் புகையிலைப் பொருள் எதையும் விற்கக் கூடாது என்கிறது 2003ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு. எங்கிருந்து அளப்பது என்பதை 2004இன் விதிகள் தெளிவாக்கின: பள்ளியின் சுற்றுச்சுவர் அல்லது வேலியின் வெளி விளிம்பிலிருந்து, எல்லாத் திசையிலும். மீட்டரில் 91 சொச்சம். ஊருக்கு வெளியே, புறவழிச்சாலையோரம் நிற்கும் தனியார் பள்ளிக்கு இது பெரிய சுமையில்லை. இராசிபுரம், ஓமலூர், பரமத்திவேலூர்ப் பக்கத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளிகளின் நிலை வேறு. பல ஊர்களில் கோயில், பேருந்து நிறுத்தம், டீக்கடை, பெட்டிக்கடை எல்லாம் அந்த வட்டத்துக்குள் அடங்கிவிடும். எழுத்துப் பிசகாமல் சட்டத்தை நடத்தினால் ஊரின் கடைவீதியே அகப்படும்.

தொடக்கப்பள்ளியில் யார் பீடி பிடிக்கிறார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் 2019இல் எடுக்கப்பட்ட உலக இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 13 முதல் 15 வயதுவரையுள்ள மாணவர்களில் 8.5 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வகையில் புகையிலை பயன்படுத்தினர். பீடி பிடித்த மாணவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் பத்து வயது நிறையுமுன்பே அதைத் தொட்டவர்கள். அதாவது, ஐந்தாம் வகுப்பை முடிக்குமுன்.

மத்திய சுகாதார அமைச்சகம் 2019இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டுதல்கள் அறிவிப்புப் பலகை, நூறு கெஜத்தில் மஞ்சள் கோடு, புகையிலைக் கண்காணிப்பாளர், வளாகத்தில் பீடித்துண்டோ எச்சில் கறையோ இல்லாமை என்று பலவற்றைக் கேட்கின்றன. பள்ளியே தனக்கு மதிப்பெண் போட்டுக்கொள்ள ஓர் அட்டையும் உண்டு. இதில்தான் கோளாறு. மாலையில் பள்ளித் திடலில் சீட்டாடுபவர்கள் விட்டுப்போன துண்டுகளைக் காலையில் கூட்டித் தள்ளிவிட்டால் அட்டையில் முழு மதிப்பெண். எதிரே உள்ள கடையில் பழைய வியாபாரம் நடந்துகொண்டேயிருக்கும்.

“போயி ஒரு கட்டு பீடி வாங்கிட்டு வா கண்ணு” என்று அப்பா அனுப்பினால் பிள்ளை போகிறது, கடைக்காரரும் கொடுக்கிறார். யாருக்காக வாங்கினாலும் 18 வயதுக்குட்பட்டவரிடம் விற்பது குற்றமே. இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 77ஆம் பிரிவோ, குழந்தைக்குப் புகையிலை கொடுப்பவருக்கு ஏழாண்டுவரை கடுங்காவல் என்கிறது. புகையிலைச் சட்டத்தின் 6ஆம் பிரிவில் அபராதம் அதிகபட்சம் 200 ரூபாய். ஒன்று கைவைக்கத் தயங்கும் அளவுக்குப் பெரிது, மற்றொன்று யாரும் அஞ்சாத அளவுக்குச் சிறிது. இடையில் அகப்படுபவர் தலைமையாசிரியர். ஓரிரு ஆசிரியர்களே உள்ள பள்ளியில், கடைக்காரரின் பேத்தி அவருடைய வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கக்கூடும்.

ஆகவே இந்தப் பொறுப்பு ஆசிரியரைவிட பள்ளி மேலாண்மைக் குழுவுக்கே பொருந்தும். கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால் பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். பிள்ளையைக் கடைக்கு அனுப்பும் வீடும் கடையும் ஒருசேர அவர்களுக்குத் தெரியும். பொது இடப் புகைத்தடை விதிகள் 2008இல் நடைமுறைக்கு வந்த அக்டோபர் 2, ஆண்டுதோறும் ஊராட்சிகளில் கிராமசபை கூடும் நாளும்கூட. குழு தன் தீர்மானத்தை அங்கே வைத்தால் அது ஊரின் முடிவாகும்.

அந்தத் தீர்மானம் எதைக் கேட்க வேண்டும்? புகையிலை விற்கும் கடையில் மிட்டாய், சிப்ஸ், குளிர்பானம் விற்கக் கூடாது என 2017இல் மத்திய அரசு மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. சிற்றூர்ப் பெட்டிக்கடைக்காரரிடம் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், பள்ளிக்கு எதிரே இருப்பவர் மிட்டாயையே வைத்துக்கொள்ள வாய்ப்புண்டு. அவருடைய அன்றாட வாடிக்கையாளர்கள் பிள்ளைகள்தான்.