காலத்தின் வரிசையும் காட்சியின் வரிசையும்: தமிழகத் தொல்லிடங்கள் காண்பிடங்களான வரலாறு

தமிழ்நாட்டின் வரலாற்றிடங்களைக் காலமுறைப்படி சுற்றிவர விரும்பும் ஒருவர், திருவள்ளூர் மாவட்டத்துக் கொசஸ்தலை ஆற்றுப்படுகையிலுள்ள அதிரம்பாக்கத்தில் தொடங்கி, ஆதிச்சநல்லூர், கீழடி, மாமல்லபுரம், தஞ்சாவூர், செஞ்சி, தரங்கம்பாடி எனச் சென்று, கன்னியாகுமரியில் 2000ஆம் ஆண்டு திறக்கப்பட்ட 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலையில் பயணத்தை முடிக்க வேண்டியிருக்கும். ஆனால் இவ்விடங்கள் மக்கள் தேடிச்சென்று காணும் இடங்களான வரிசை இதுவன்று. மண்ணுக்குமேல் நின்ற கல் முதலில் காட்சியாயிற்று; மண்ணுக்குள் கிடந்தது, முன்னரே கண்டறியப்பட்டிருந்தும், நெடுங்காலம் காத்திருந்தது.

பெருங்கோயில்களுக்குச் சென்று வருவது இங்கே புதிய வழக்கமன்று. எனினும் தலயாத்திரை சென்றோர் கோயிலைத் தலமாகவே கண்டனர். அதன் தோற்றத்தை விளக்கும் பொறுப்பைத் தலபுராணம், அதாவது ஊரின் இறைமைச் சிறப்பைக் கூறும் புராண நூல், ஏற்றிருந்தது. கட்டியவர் யார், எந்த நூற்றாண்டில் என்ற கேள்விகள் பிற்காலத்தவை. 1772இலும் 1776இலும் மாமல்லபுரத்தைப் பார்வையிட்ட வில்லியம் சேம்பர்ஸ் தம் குறிப்புகளை 1788இல் வெளியிட்டபோது, ஐரோப்பியக் கடலோடிகள் ‘ஏழு கோயில்கள்’ என்று வழங்கிவந்த அக்கடற்கரை வழிபாட்டுக்கு அப்பாற்பட்ட ஆர்வத்துக்கும் உரியதாகத் தொடங்கியது.

தஞ்சைப் பெரிய கோயிலில் இம்மாற்றம் இன்னும் தெளிவாகப் புலப்படுகிறது. கோயிலின் தலபுராண மரபு அதனைக் கரிகாலனோடு தொடர்புபடுத்தியிருந்தது. 1886இல் சென்னை அரசின் கல்வெட்டாய்வாளராக அமர்ந்த ஜெர்மானியர் ஹூல்ஷ், அக்கற்றளியை (முழுதும் கல்லாலான கோயிலை) எடுப்பித்தவன் தானே என முதலாம் இராசராசன் பொறித்துவைத்த சொற்களைப் படித்துப் பதிப்பித்த பின்னரே, கோயில் ஓர் அரசனுக்கும் ஓர் ஆண்டுக்கும் உரியதாயிற்று. சுவரெங்கும் எழுதப்பட்டிருந்த செய்தி ஏறத்தாழ 900 ஆண்டுகள் கழித்துச் செய்தியானது விந்தையே. இராசராசன் மகன் எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரத்துக்கு அந்தப் பேறு காலத்தோடு கிட்டவில்லை. 1836இல் கொள்ளிடத்தின் கீழணைக்காக அங்கிருந்து கற்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. தொன்மைச் சின்னங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்த நாடளாவிய சட்டம் 1904இல்தான் வந்தது.

காண்பதற்கு இடம் இருந்தால் மட்டும் போதாது, உள்ளே நுழையும் உரிமையும் வேண்டும். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்டோரும் நாடார் சமூகத்தினரும் 1939 சூலை 8 அன்றுதான் அழைத்துச் செல்லப்பட்டனர் என்பதையும், மாநிலம் தழுவிய ஆலயப் பிரவேசச் சட்டம் 1947இல் இயற்றப்பட்டது என்பதையும் விட்டுவிட்டுத் தமிழரின் கோயிற்சுற்றுலா வரலாற்றை எழுத முயல்வது பெருந்திரளான மக்களை விட்டெழுதுவதாகும். நுழைந்தோர்க்குக் கதையைத் தந்தது வார இதழ். 1944இல் தொடங்கிய ‘சிவகாமியின் சபதம்’, 1950 முதல் 1954 வரை வெளிவந்த ‘பொன்னியின் செல்வன்’ ஆகிய எழுத்தாளர் கல்கியின் தொடர்கள் மாமல்லபுரத்துக்கும் சோழநாட்டுக்கும் வாசகரை மனத்தளவில் முன்னரே அழைத்துச் சென்றிருந்தன. தலபுராணம் விட்ட இடத்தை வரலாற்றுப் புதினம் நிரப்பியது என்றே கொள்ளலாம். யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் மாமல்லபுரம் 1984இலும் தஞ்சைப் பெரிய கோயில் 1987இலும் சேர்ந்தது ஏற்கெனவே இருந்த புகழுக்கு இடப்பட்ட முத்திரைதான். 1620இல் டேனியர்கள் தரங்கம்பாடியில் கட்டிய கோட்டை, 1806இல் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த வேலூர்க் கோட்டை போன்றவை அத்தகைய கதையாசிரியர் வாய்க்காமையால் சற்று ஒதுங்கியே நின்றன.

தொல்பழங்காலத்தின் நிலை வேறு. ஹூல்ஷ் பதவியேற்பதற்கு 23 ஆண்டுகள் முன்பே, 1863 மே மாதத்தில், நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கற்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில் அதிரம்பாக்கமும் அறியப்பட்டது. அங்குக் கிடைத்த கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுப் பழமையுடையவை என்று 2011இல் வெளியான தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினரின் ஆய்வு காட்டியது. ஆயினும் கையகலக் கல்லுக்குக் கோபுரமில்லை, மன்னன் பெயரில்லை. அதனைக் காண்போர் ஆற்றுப்படுகைக்கன்றி அருங்காட்சியகத்துக்கே செல்கின்றனர். ஆதிச்சநல்லூரிலும் நெடுங்காலம் இதுவே நிலை: 1876இல் யாகோர் அகழ்ந்தவை பெர்லினுக்கும், 1899 தொடங்கி அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தவை சென்னைக்கும் போயின, ஊரில் எஞ்சியது பரம்பு மேடு.

இந்நிலை பின்னர் மாறியது. 2023 மார்ச்சில் கீழடியில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டபோது அகழ்பொருள்கள் கிடைத்த ஊரிலேயே தங்கின. அதே ஆண்டு ஆகஸ்டில் ஆதிச்சநல்லூரில் அகழாய்வுக் குழியின்மேலேயே கண்ணாடித் தளம் அமைக்கப்பட்டது. முதுமக்கள் தாழிகள் (இறந்தோரை இட்டுப் புதைத்த பெரிய மட்கலங்கள்) புதைந்த இடத்தைவிட்டுப் பெயராமல் கிடக்க, பார்வையாளர் அவற்றுக்கு மேலே நின்று குனிந்து காண்கின்றனர்.