வீழ்ச்சி எச்சரிக்கைக் கருவி

வீழ்ச்சி எச்சரிக்கைக் கருவி என்பது மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும், விழும் அபாயமுள்ள ஒருவர் படுக்கையிலிருந்தோ நாற்காலியிலிருந்தோ துணையின்றி எழும்போது ஒலியெழுப்பிப் பணியாளரை அழைக்கும் கருவி ஆகும். இது எழுந்ததை அறிவிக்குமேயன்றி, வீழ்ச்சியைத் தானே தடுப்பதில்லை.

வகைகள்

- அழுத்த உணரி விரிப்பு: மெத்தையிலோ இருக்கையிலோ இடப்படும். உடல் எடை நீங்கியதும் ஒலிக்கும்.
- கயிற்று வகை: கயிற்றின் ஒரு முனை ஆடையில் கவ்வியால் பொருத்தப்படும். மறுமுனையிலுள்ள காந்தம் கருவியை விட்டு விலகியதும் ஒலிக்கும்.
- தரை விரிப்பு: படுக்கையருகே இடப்படும். கால் ஊன்றியதும் ஒலிக்கும்.

பாதுகாப்பான பயன்பாடு

பணிமுறை மாறும் ஒவ்வொரு முறையும் மின்கலம், இணைப்பு, ஒலி ஆகியவற்றைச் சோதித்தல் வேண்டும். கயிறு கழுத்தில் சுற்றாதவாறும் விரிப்பின் விளிம்பு காலை இடறாதவாறும் அமைத்தல் வேண்டும். ஒலி கேட்டவுடன் செல்லப் பணியாளர் இல்லாவிடில் கருவியால் பயனில்லை. படுக்கையைத் தாழ்த்தி வைத்தல், குறித்த நேரங்களில் கழிப்பறைக்கு அழைத்துச் செல்லுதல் ஆகியனவும் உடன் தேவை.

வரம்புகள்

ஐக்கிய அமெரிக்காவில் ஒரு மருத்துவமனையின் 16 பிரிவுகளில் நடத்தப்பட்டு 2012 இல் வெளியான ஆய்வில், இக்கருவிகளின் பயன்பாடு கூடியும் வீழ்ச்சிகள் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. தவறான ஒலிகள் மிகுந்தால் பணியாளர் அவற்றுக்குப் பழகி அலட்சியம் கொள்வர். ஒலிக்கு அஞ்சி அசையாதிருக்கும் முதியோரின் தசைகள் வலுவிழந்து, விழும் அபாயம் மேலும் கூடலாம். நடமாட்டத்தைத் தடுக்கும் வகையில் பயன்படுத்தப்படும் கருவியை உடற்கட்டுப்பாடாகக் கருதலாம் என அந்நாட்டு நடுவண் அரசின் 2017 ஆம் ஆண்டு வழிகாட்டல் கூறியது.