தனுவும் உயிரும்: ஜீவாணு முதல் மூலக்கூறு ரோபோ வரை

அண்ணாமலையார் கோயிலில் வல்லாள மகாராஜா கோபுரத்தைத் தாண்டி உள்ளே நடந்தால் எதிரே கிளிக் கோபுரம் நிற்கிறது. அதில் சுதையால் ஆன ஒரு கிளி இருக்கிறது. அருணகிரிநாதர் தம் உடலைக் கிடத்திவிட்டு, செத்த கிளியின் உடலில் புகுந்து பாரிசாத மலர் கொண்டுவரப் போனார்; அதற்குள் அவர் பகைவன் சம்பந்தாண்டான் அவ்வுடலை எரித்துவிட்டான்; அவர் கிளியாகவே இருந்து கந்தர் அனுபூதி பாடினார் என்பது தலத்து ஐதீகம். வேங்கிக்கால் ஏரிக்கரையிலிருந்து மலையைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு இந்தக் கதை பள்ளிக்கூடம் போகும் முன்பே தெரிந்துவிடும். கூடு வேறு, அதில் குடியிருக்கும் உயிர் வேறு என்ற எண்ணமும் அதோடு சேர்ந்தே வந்துவிடுகிறது.

இந்த எண்ணத்தில் ஊறிய ஒரு சமூகம், ஆய்வகத்தில் உயிரைச் செய்யும் முயற்சிகளை எப்படி எதிர்கொண்டது? கடந்த அறுபது ஆண்டு நிகழ்வுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு போக்கு தெரிகிறது. செய்வது பாவம் என்ற குரல் இங்கே பெரிதாக எழவில்லை. செய்ததால் யாருக்கு என்ன கேடு, அது யார் கைக்குப் போகும் என்ற கேள்விதான் உரக்கக் கேட்டிருக்கிறது. இதற்கான வேர் சித்தாந்தத்திலேயே இருக்கிறது என்பது என் துணிபு.

13ஆம் நூற்றாண்டின் மெய்கண்டார் வழிவந்த சைவ சித்தாந்தத்தில் பதி, பசு, பாசம் மூன்றும் அநாதி. உயிரை இறைவனே படைப்பதில்லை. அவன் உயிருக்குத் தருவது தனு, கரண, புவன, போகம்: உடல், கருவிகள், உலகம், நுகர்ச்சி. இல்லாமையிலிருந்து கடவுள் எல்லாவற்றையும் படைத்தார் என்று கொள்ளும் சமயங்களில், ஒரு செல்லைச் செய்த விஞ்ஞானி கடவுளின் இடத்தில் கை வைத்தவனாகிறான். சித்தாந்தியின் கணக்கில் அவன் செய்தது தனு மட்டுமே. அதில் உயிர் வந்து குடியேறுமா என்பது வேறு வழக்கு.

இதற்கு முதல் சோதனை அலகாபாத்தில் வந்தது. அங்கே பல்கலைக்கழக வேதியியலாளர் கிருஷ்ண பகதூர், பாராஃபார்மால்டிஹைடும் நைட்ரேட்டும் கலந்த நீரில் ஒளி பட்டு அமினோ அமிலம் உண்டாவதாக 1954இல் ‘நேச்சர்’ இதழில் எழுதியவர். 1963 வாக்கில் அவரும் எஸ். ரங்கநாயகியும் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அம்மோனியம் மாலிப்டேட், அம்மோனியம் பாஸ்பேட், சில தாது உப்புகள், ஃபார்மால்டிஹைடு ஆகியவற்றின் கரைசலைக் கிருமி நீக்கி, கண்ணாடிக் குடுவையில் அடைத்து, வெயிலில் வைத்தார்கள். கரைசலில் நீலம் ஏறியது. நுண்ணோக்கியில், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில், சுவர் கொண்ட உருண்டைகள் தெரிந்தன. அவை உள்ளிருந்தே வளர்கின்றன, மொட்டு விட்டுப் பெருகுகின்றன என்று பகதூர் வாதிட்டார். அவற்றுக்கு அவர் வைத்த பெயர் ஜீவாணு. ஜீவன், அணு என்ற இரண்டு பழஞ்சொற்களை ஒட்டிச் செய்த பெயர் அது. எவ்வளவு இயல்பாக ஒட்டியிருக்கிறது பாருங்கள்.

ஜீவாணுவை வழக்காடு மன்றத்தில் நிறுத்தியவர்கள் விஞ்ஞானிகள். நாசாவின் ஏம்ஸ் மையத்தில் லிண்டா கேரனும் சிரில் பொன்னம்பெருமாவும் இந்தச் சோதனைகளை 1967இல் மதிப்பாய்வு செய்தார்கள். ஜீவாணுவின் தன்மை இன்னும் தெளிவாக வேண்டும் என்ற அளவில் நிறுத்திக்கொண்டார்கள். இலங்கையின் காலியில் பிறந்த பொன்னம்பெருமா, சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1948இல் தத்துவப் பட்டம் பெற்ற பிறகே வேதியியலுக்குப் போனவர். உயிரின் தோற்றத்தைக் குடுவையில் தேடிய ஒருவர் சென்னையில் தத்துவம் படித்தவர் என்பதைத் தமிழர்கள் அதிகம் பேசுவதில்லை. பேச வேண்டும்.

அடுத்த நிகழ்வு இன்னும் வலிக்கக்கூடியது. 1978 அக்டோபர் 3 அன்று கொல்கத்தாவில், மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாயின் முயற்சியில், சோதனைக் குழாய் கருத்தரிப்பில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. இம்முறையில் பிறந்த உலகின் முதல் குழந்தையான லூயிஸ் பிரவுன் பிறந்து அப்போது 70 நாள்தான் ஆகியிருந்தது. முகோபாத்யாயை நம்ப மறுத்தது மாநில அரசு அமைத்த நிபுணர் குழு. 1981இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். சென்னையில் மருத்துவர் கமலா செல்வராஜின் முயற்சியில் 1990இல் தென்னிந்தியாவின் முதல் சோதனைக் குழாய் குழந்தை பிறந்தது. கண்ணாடித் தட்டில் கருவானதற்கு உயிர் உண்டா என்று நம் வீடுகளில் யாரும் கேட்கவில்லை. மொட்டை போட்டுக் காது குத்தினார்கள். தனு எங்கே தொடங்கியது என்பது அவர்களுக்குப் பொருட்டே இல்லை.

2010ஆம் ஆண்டை மட்டும் தனியாக எடுத்துப் பார்ப்பது பயன் தரும். பிப்ரவரி 9 அன்று மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் பி.டி. கத்தரிக்காயை நிறுத்தி வைத்தார். கோவை வேளாண் பல்கலைக்கழகமும் பங்கெடுத்த பயிர் அது. தமிழ்நாட்டில் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் அதை எதிர்த்து ஊர் ஊராகப் பேசினார். விதை யாருடையது, தின்பவர் உடம்புக்கு என்ன ஆகும், நாட்டு ரகங்கள் என்னவாகும் என்பவை அந்த எதிர்ப்பின் கேள்விகள். மே 20 அன்று அமெரிக்க உயிரியலாளர் கிரெய்க் வென்டரின் குழு, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட எழுத்துகள் கொண்ட மரபணுத் தொகுதி முழுவதையும் வேதிமுறையில் செய்து ஒரு பாக்டீரியாவை இயக்கியதாக அறிவித்தது. அமெரிக்க அதிபர் ஒபாமா உயிர்நெறி ஆணையத்திடம் அறிக்கை கேட்டார். வாடிகனின் நாளேடு, உயிரின் இயந்திரங்களில் ஒன்று மாற்றப்பட்டிருக்கிறது, உயிர் படைக்கப்படவில்லை என்ற பொருளில் எழுதியது. சித்தாந்தியும் ஏறக்குறைய இதைத்தான் சொல்லியிருப்பார். இங்கோ, பாக்டீரியா மரபணு ஏற்றிய கத்தரிக்காய்க்கு எழுந்த குரலில் சிறு பங்குகூட முழுச் செயற்கை மரபணுத் தொகுதிக்கு எழவில்லை. கத்தரிக்காய் குழம்பில் வருவது. வென்டரின் பாக்டீரியா எங்கோ ஒரு தட்டில் இருப்பது.

மூலக்கூறு ரோபோ இந்த வரிசையில் புதியது. அமெரிக்க ஆய்வாளர் பால் ராதமண்ட் 2006இல் டி.என்.ஏ. இழையைக் காகிதம் போல மடித்து உருவங்கள் செய்து காட்டினார். அதன்பின் ஜப்பானிய ஆய்வாளர்கள் உணரும் மூலக்கூறு, கணக்கிடும் மூலக்கூறு, அசைக்கும் மூலக்கூறு மூன்றையும் ஒரு சிறு பைக்குள் சேர்த்து இயக்கும் திட்டத்தைக் கையில் எடுத்தார்கள். அதற்கான அறநெறிகளையும் கூடவே எழுதத் தொடங்கினார்கள். இங்கே தொல்காப்பிய மரபியல் எனக்கு உதவுகிறது. அது உயிர்களை எதனால் ஆனவை என்று பிரிக்கவில்லை. எத்தனை விதமாக அறிகின்றன என்று பிரிக்கிறது. முதல் அறிவு தொடுவுணர்வு. புல்லும் மரமும் அதில் சேரும். டி.என்.ஏ. இழை தன் இணையை அறிவதும் தொட்டு ஒட்டித்தான். அதை ஓரறிவு என்று சொல்லிவிட முடியுமா? நான் தயங்குகிறேன். பூட்டும் சாவியும் தொட்டுத்தான் பொருந்துகின்றன; பூட்டை நாம் உயிர் என்பதில்லை. புல்லை மிதித்தால் புல்லுக்கு ஏதோ ஆகிறது. பூட்டுக்கு ஒன்றும் ஆவதில்லை.

திருவண்ணாமலை இந்த வேறுபாட்டைக் கண்முன்னே வைத்திருக்கிறது. ரமணாசிரமத்தில் பசு லட்சுமிக்குச் சமாதி உண்டு. 1948 ஜூன் 18 அன்று அது இறந்தபோது, முக்தி அடைந்தது என்று ரமணரே செய்யுள் எழுதினார். பக்கத்தில் மானுக்கும் காகத்துக்கும் நாய்க்கும் சமாதிகள் இருக்கின்றன. கோயில் யானை ருக்கு 2018 மார்ச்சில் ஓர் இரவு நாய்களைக் கண்டு மிரண்டு ஓடி, இரும்புத் தடுப்பில் மோதி இறந்ததாகச் செய்திகள் வந்தன. ஊரே திரண்டு வந்து அழுதது. 2023 பிப்ரவரியில் கேரளத்தின் இரிஞ்சாடப்பிள்ளி கிருஷ்ணன் கோயிலில் பத்தரை அடி உயரமும் 800 கிலோ எடையும் கொண்ட ரோபோ யானையை, உயிர் யானைக்கு உரிய நடையிருத்தல் சடங்கோடு ஏற்றுக்கொண்டார்கள். உயிர் யானை இனி வேண்டாம் என்ற உறுதியோடு செய்தார்கள். சங்கிலி, அங்குசம், மிரட்சி, காயம் எதுவும் இதற்கு இல்லை என்பதே அந்தச் சடங்குக்கு அடிப்படை.

ஆகவே மூலக்கூறு ரோபோவைப் பற்றி நம் சமயம் கேட்கப்போவதும் அதையே: அதற்கு வலிக்குமா? 2020இல் அமெரிக்காவில் தவளைக் கரு செல்களால் செய்த ஸெனோபாட், கிழித்தால் தானே ஒட்டிக்கொண்டது, உள்ளே இருந்த மஞ்சள் கரு தீரும்வரை நகர்ந்தது. அதற்கு நரம்பு கிடையாது. ஆகவே இன்று அது இரிஞ்சாடப்பிள்ளி யானையின் பக்கம். நரம்பு சேர்த்து ஒன்றைச் செய்யும் நாளில், அது ருக்குவின் பக்கம் வந்து நிற்கும்; செய்தவர் அதற்குத் தனு கொடுத்தவர் ஆகிவிடுவார்.